உலகமே முணுமுணுத்த ‘தேர்ட் மேன்’ தீம்: அதை உருவாக்கிய ஆன்டன் கராஸ் யார்? புகழுக்குப் பிறகு அவருக்கு என்ன ஆனது?

சில பிஜிஎம்களுக்கு ஒரு குணம் உண்டு. படத்தின் கதை மறந்துபோகும். நடித்தவர்கள் யார் என்பதும் மறந்துபோகும். மெட்டு மட்டும் ரிங்டோனாக, விளம்பர இசையாக, தெருவில் யாரோ அடிக்கும் விசிலாக நம்மைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். படத்தையே பார்க்காதவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் எபிசு என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ரயில் கிளம்புவதற்கு முன்னால் அங்கே பிளாட்பாரத்தில் ஒரு குட்டி மெட்டு ஒலிக்கும். ஆபீசுக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டுக்கொண்டேதான் ஓடிவந்து ஏறுவார்கள். அது ஜப்பானியப் பாட்டு இல்லை. 1949-ல் வெளியான ‘தி தேர்ட் மேன்’ என்ற பிரிட்டிஷ் படத்தின் தீம் மியூசிக். அதை உருவாக்கியவர் சினிமா இசையமைப்பாளரும் இல்லை. ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்து மதுக்கடைகளில், குடிக்க வருகிறவர்கள் முன்னால் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். பெயர் ஆன்டன் கராஸ்.

43 வயதில் ஒரே ஒரு மெட்டு அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அரச குடும்பத்தினர் முன்பும் போப்பாண்டவர் முன்பும் வாசித்தார். கையில் நல்ல காசு வந்தது. ஆனால், அவர் கடைசிவரை விரும்பிய ஒரு விஷயத்தை அதே மெட்டு அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அது என்ன? முதலிலிருந்து பார்ப்போம்.

பரணில் கிடைத்த பெட்டி

ஆன்டன் கராஸ் 1906 ஜூலை 7-ம் தேதி வியன்னாவில் பிறந்தார். அப்பா தொழிற்சாலைத் தொழிலாளி. வீட்டில் ஐந்து பிள்ளைகள். வசதியான குடும்பம் இல்லை என்றாலும், பிள்ளைகள் இசை கற்றுக்கொள்ள வீட்டில் தடை சொல்லவில்லை. சிறுவன் ஆன்டனுக்கு பெரிய இசைக்குழுவை நடத்தும் இசை நடத்துநர் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்கான படிப்புக்குச் செலவு செய்யும் நிலையில் குடும்பம் இல்லை.

12 வயதிருக்கும்போது பாட்டி வீட்டுப் பரணில் அவருக்கு ஒரு பழைய இசைக்கருவி கிடைத்தது. அதுதான் ஸிதர். அன்று பிடித்ததை ஆயுசுக்கும் விடவில்லை.

பெயரைக் கேட்டதும் நம் ஊர் சிதார் ஞாபகத்துக்கு வரலாம். இது வேறு. ஸிதர் என்பது தட்டையான மரப்பெட்டி. மடியில் வைத்தும் வாசிக்கலாம், பெரும்பாலும் மேஜை மேல் வைத்து வாசிப்பார்கள். 30-க்கும் மேற்பட்ட கம்பிகள் இருக்கும். வாசிப்பவருக்குப் பக்கத்தில் உள்ள நாலைந்து கம்பிகளுக்குக் கீழே மட்டும் கிட்டாரில் இருப்பதுபோல மெட்டுக்கட்டைகள் இருக்கும். இடது கை விரல்களால் அந்தக் கம்பிகளை அழுத்தி, வலது கை கட்டைவிரலில் மாட்டிய வளையத்தால் மீட்டினால் மெட்டு வரும். வலது கையின் மற்ற விரல்கள் மிச்சமிருக்கும் கம்பிகளை மீட்டி, துணைச் சுரங்களையும் பேஸ் ஒலியையும் கொடுக்கும்.

இந்த அமைப்பைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்டு, துணைச் சுரம், பேஸ் மூன்றையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் வாசித்துவிடலாம். ஒரு மேஜையும் ஒரு நாற்காலியும் போதும், ஒரு குட்டி இசைக்குழு தயார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

வேலை போன இளைஞர்

1920-ல், அப்பாவின் விருப்பப்படி கராஸ் தொழிற்பயிற்சியில் சேர்ந்தார். இரும்பு வேலை, கருவிகள் செய்யும் வேலை. பகலில் பட்டறை, சாயங்காலத்தில் இசை வகுப்பு என்று நாட்கள் ஓடின. 1924-ல் பயிற்சி முடிந்து ஒரு கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. 1925 ஜனவரியிலேயே அந்த வேலை போனது. முதல் உலகப் போரில் தோற்று, பேரரசு உடைந்து, பொருளாதாரம் தள்ளாடிக்கொண்டிருந்த ஆஸ்திரியாவில் அப்போது வேலை போவது பெரிய செய்தியே இல்லை.

ஆனால், கராஸ் கையில் இன்னொரு தொழில் இருந்தது. ‘ஹாய்ரிகர்’ என்று சொல்லப்படும் மதுக்கடைகளில் வாசிக்கத் தொடங்கினார்.

ஹாய்ரிகர் என்றால் நாம் நினைக்கும் பார் மாதிரி கிடையாது. வியன்னாவின் ஓரங்களில் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. தோட்டக்காரர்களே தங்கள் தோட்டத்துத் திராட்சையில் செய்த அந்த வருடத்துப் புது மதுவைத் தங்கள் இடத்திலேயே விற்கலாம் என்று 1784-ல் பேரரசர் இரண்டாம் ஜோசப் அனுமதி கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த பழக்கம் இது. கடை திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் பசுங்கிளை ஒன்றைத் தொங்கவிடுவார்கள். உள்ளே மரமேஜைகள். அக்கம்பக்கத்தினர் குடும்பத்தோடு வருவார்கள். கதை பேசுவார்கள், குடிப்பார்கள், சாப்பிடுவார்கள், பாட்டுக் கேட்பார்கள். கூடச் சேர்ந்து பாடவும் செய்வார்கள்.

இங்கே வாசிக்கிறவருக்கு மேடை கிடையாது. ரசிகர்கள் அமைதியாக உட்கார்ந்து கேட்கவும் மாட்டார்கள். அரட்டைக்கும் கண்ணாடிக் குவளைச் சத்தத்துக்கும் நடுவே, யார் என்ன மனநிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்து அதற்கேற்ப வாசிக்க வேண்டும். கராஸுக்கு அது நன்றாகக் கைவந்தது. சீக்கிரமே அப்பாவைவிட அதிகமாகச் சம்பாதித்தார். அதே நேரத்தில் 1928 வரை வியன்னா இசை அகாடமியில் படிக்கவும் செய்தார். ஆக, ஒன்றும் தெரியாத தெருப் பாடகர் ஒருவரை சினிமாக்காரர்கள் கண்டெடுத்தார்கள் என்று சொல்வது சரியில்லை. முறையாகப் படித்தவர், இருபது வருடம் தினமும் மனிதர்கள் முன்னால் வாசித்துப் பழகியவர்.

திருமணம், ஒரு மகள் என்று வாழ்க்கை நகர்ந்தது. 1939-ல் இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆஸ்திரியா அதற்கு முந்தைய ஆண்டே ஜெர்மனியோடு இணைக்கப்பட்டிருந்ததால், கராஸ் ஜெர்மன் ராணுவத்தில் விமான எதிர்ப்புப் பிரிவில் இருந்தார். கொஞ்ச காலம் ரஷ்யாவிலும் இருந்தார். அங்கேயும் ஸிதரைத் தூக்கிக்கொண்டு போனார் மனுஷன். போரில் ஒன்றுக்கும் மேற்பட்ட ஸிதர்கள் போயின. ஒவ்வொரு முறையும் எப்படியோ இன்னொன்றைத் தேடிப் பிடித்தார். 1945-ல் போர் முடிந்ததும் வியன்னாவுக்குத் திரும்பி, பழையபடி மதுக்கடைகளில் வாசிக்க ஆரம்பித்தார்.

நாலு துண்டான நகரம்

அவர் திரும்பி வந்த வியன்னா பழைய வியன்னா இல்லை. குண்டு விழுந்து இடிந்த கட்டடங்கள். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் என நான்கு நாடுகள் நகரத்தைப் பங்கு போட்டு ஆண்டன. நகரின் மையப்பகுதியை மட்டும் நால்வரும் மாற்றி மாற்றி நிர்வகித்தார்கள். நாலு நாட்டுப் போலீஸ்காரர்களும் ஒரே ஜீப்பில் ரோந்து போவார்கள். உணவு, மருந்து, எரிபொருள் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. எல்லாவற்றுக்கும் கள்ளச்சந்தை.

இந்த நகரத்தை வைத்து ஒரு படம் எடுக்க நினைத்தார் தயாரிப்பாளர் அலெக்ஸாண்டர் கோர்டா. எழுத்தாளர் கிரஹாம் கிரீன் கதை எழுதினார். கரோல் ரீட் இயக்குநர். கதை இதுதான்: ஹோலி மார்ட்டின்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் நண்பன் ஹாரி லைமைத் தேடி வியன்னாவுக்கு வருகிறார். வந்த அன்றே நண்பனின் இறுதிச் சடங்கு. விசாரித்துப் பார்த்தால், அந்த நண்பன் பென்சிலின் மருந்தில் கலப்படம் செய்து விற்றவன், அதனால் குழந்தைகள்கூட பாதிக்கப்பட்டார்கள் என்று தெரியவருகிறது. அதைவிடப் பெரிய விஷயம், அவன் சாகவே இல்லை.

1948 இலையுதிர் காலத்தில் ரீட் குழுவினர் வியன்னாவுக்கு வந்து படப்பிடிப்பை நடத்தினார்கள். இசை விஷயத்தில் ரீடுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. வியன்னா என்றாலே சினிமாவில் வால்ட்ஸ் இசை போடுவதுதான் வழக்கம். அரண்மனை, நடனம், வயலின் என்று போகும். இடிபாடுகளுக்கு நடுவே கள்ளச்சந்தைக்காரனைத் தேடும் கதைக்கு அது கொஞ்சமும் ஒட்டாது. அந்தக் காலத்தின் இன்னொரு வழக்கமான பெரிய ஆர்கெஸ்ட்ரா இசையும் அவர் மனதுக்குச் சரியாகப் படவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மாலையில், விருந்தினர்களுக்கு நடுவே ஒருவர் ஸிதர் வாசிப்பதை ரீட் கேட்டார். அதுவரை அந்தக் கருவியின் ஒலியே அவருக்குப் பழக்கமில்லை. கம்பியின் கூர்மை, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் கேலி எல்லாம் அதில் இருந்தது. வாசித்தவரைத் தன் ஹோட்டல் அறைக்கு வரவழைத்து ஒலிப்பதிவு செய்துகொண்டார். லண்டனுக்குப் போய், எடுத்த காட்சிகளோடு அதை ஓட்டிப் பார்த்தார். பொருந்தியது. கராஸை லண்டனுக்கு வரச்சொன்னார்.

லண்டனில் பன்னிரண்டு வாரங்கள்

கராஸுக்கு ஆங்கிலம் தெரியாது. சினிமாவுக்கு இசையமைத்த அனுபவம் கிடையாது. மனைவி, மகளை விட்டு அதுவரை பார்த்தேயிராத நகரத்துக்குப் போனார். ரீடின் வீட்டிலேயே தங்க வைக்கப்பட்டார். படத்தின் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, ரீட் எதிர்பார்ப்பதை மொழிபெயர்ப்பாளர் வழியாகப் புரிந்துகொள்வது, வாசிப்பது, சரியில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து வாசிப்பது. சுமார் 12 வாரங்கள் இந்த வேலை நடந்தது. சில நாட்களில் 14 மணி நேரம்வரை போனது.

வீட்டு ஞாபகம் அவரை வாட்டியது. ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். ரீட் விடவில்லை. படத்துக்கென்று தனித்துவமான ஒரு மெட்டு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அப்படிப் பிறந்ததுதான் ஹாரி லைம் தீம். தான் பல வருடங்களாக வாசிக்காமல் வைத்திருந்த ஒரு மெட்டை அதற்காக எடுத்ததாகக் கராஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மதுக்கடையில் இரவு முழுக்க வாசிக்கும்போது விரல்களை அதிகம் வருத்தாத பாட்டுகளைத்தான் தேர்ந்தெடுப்பாராம். இந்த மெட்டோ விரல்களை வாட்டி எடுக்கும் ரகம். அதனால்தான் அதை ஓரம் கட்டி வைத்திருந்தார்.

கடைசியில் ரீட் எடுத்த முடிவு அந்தக் காலத்துக்குத் துணிச்சலானது. படத்தில் வேறு பின்னணி இசையே வேண்டாம். ஆர்கெஸ்ட்ரா கிடையாது. படம் முழுக்க ஒரே ஒரு ஸிதர் மட்டும். படத்தின் டைட்டிலிலேயே நடிகர்களின் முகங்களைக் காட்டாமல், ஸிதரின் கம்பிகளை மட்டும் குளோசப்பில் காட்டினார். பெயர்கள் ஓட ஓட, பின்னால் கம்பிகள் தாமாக அதிர்ந்துகொண்டிருக்கும்.

அப்படி என்ன இருக்கிறது அந்த மெட்டில்?

இதுவரை கேட்டதில்லை என்றால், ஒருமுறை கேட்டுவிட்டு இந்தப் பகுதியைப் படியுங்கள். இரண்டு நிமிடம்தான்.

கேட்டவுடன் தோன்றுவது, இது ஒரு ஜாலியான மெட்டு என்பதுதான். நடந்து போகும் வேகத்தில், தாளம் தவறாமல் போகும். மேலே மெட்டு பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் வழுக்கி வழுக்கி நகரும். எதையோ மறைத்துக்கொண்டு சிரிக்கும் ஆள் மாதிரி இருக்கும்.

ஆனால், படத்தில் நடப்பதோ கொலை, துரோகம், கலப்பட மருந்து. காட்சி சோகமாக இருந்தால் இசையும் அழ வேண்டும், பயங்கரமாக இருந்தால் இசையும் மிரட்ட வேண்டும் என்பதுதான் வழக்கம். இங்கே இசை அப்படிக் காட்சியின் பின்னாலேயே போகவில்லை. காட்சிக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது. அதனால் பார்க்கிறவருக்கு ஒரு சங்கடம் வருகிறது. சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. ஹாரி லைம் என்ற ஆளும் அப்படித்தான்: வசீகரமானவன், ஆனால் மனசாட்சி இல்லாதவன். மெட்டு அந்த ஆளாகவே ஆகிவிட்டது.

இன்னொன்று, ஹாரி லைமாக நடித்த ஆர்சன் வெல்ஸ் படத்தின் முதல் ஒரு மணி நேரம் திரையிலேயே வரமாட்டார். எல்லோரும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். பிறகு ஒரு இரவுக் காட்சி. இருட்டான வாசலில் யாரோ நிற்கிறார்கள். ஒரு பூனை அந்தக் காலடியில் போய் உரசுகிறது. எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது. வெளிச்சம் முகத்தில் விழும்போது வெல்ஸ் லேசாகப் புன்னகைக்கிறார். கூடவே அந்த மெட்டு. வசனமே இல்லாமல் ஒருவர் ‘என்ட்ரி’ கொடுப்பதற்கு சினிமா வரலாற்றில் இன்றும் உதாரணமாகச் சொல்லப்படும் காட்சி அது.

மூன்றாவது காரணம் கருவி. ஆர்கெஸ்ட்ரா இசையை நீங்கள் முணுமுணுக்க முடியாது. அதில் நூறு விஷயம் நடக்கும். இதில் ஒரே கருவி, ஒரே மெட்டு. கேட்டவர் வீட்டுக்குப் போகும்போது வாயில் ஒட்டிக்கொண்டு வரும். கிட்டாரில் வாசிக்கலாம், பியானோவில் வாசிக்கலாம், விசிலடிக்கலாம். படத்தைவிட்டு வெளியே வருவதற்கு எல்லா வசதியும் அதற்கு இருந்தது.

1950: எங்கே போனாலும் அதே மெட்டு

1949 செப்டம்பரில் பிரிட்டனில் படம் வெளியானது. அதே மாதம் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசை வென்றது. மெட்டு டெக்கா நிறுவனத்தின் இசைத்தட்டாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. தட்டின் மறுபக்கத்தில் இருந்தது ‘கஃபே மொஸார்ட் வால்ட்ஸ்’ என்ற, அதே படத்தின் இன்னொரு துண்டு.

1950-ல் அமெரிக்காவில் படம் வந்தபோது நடந்தது இன்னும் பெரிது. கராஸின் இசைத்தட்டு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை, 11 வாரங்கள் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. பாட்டு இல்லை, பாடகர் இல்லை, வரிகள் இல்லை. அமெரிக்கர்கள் பெரும்பாலானோர் அதுவரை கேட்டறியாத ஒரு கருவி மட்டும். அதே மெட்டை கை லொம்பார்டோவின் இசைக்குழு வாசித்த தட்டும் முதலிடத்துக்குப் போனது. ஸிதர் கருவிக்கே திடீரென்று கிராக்கி கூடியது. படத்தை ஓட வைக்க மெட்டு உதவும், மெட்டை விற்கப் படம் உதவும் என்பதை சினிமாக் கம்பெனிகளுக்குக் காட்டிக்கொடுத்த ஆரம்பகால வெற்றிகளில் இதுவும் ஒன்று.

1951-ல் ஹாரி லைமை வைத்து ஒரு ரேடியோ தொடரும் வந்தது. வெல்ஸே நடித்தார். ஒவ்வொரு பகுதியும் ஸிதர் இசையோடுதான் தொடங்கும்.

கராஸ் நாடு நாடாகச் சுற்றினார். பிரிட்டிஷ் அரச குடும்பத்தினர் முன்பு வாசித்தார். போப் பன்னிரண்டாம் பயஸ் முன்பு வாசித்தார். அமெரிக்கா போனார். பின்னாளில் ஜப்பானில் பேரரசர் ஹிரோஹிட்டோ முன்பும் வாசித்தார். 1950 ஜூலையில் வியன்னா திரும்பியபோது, ஆஸ்திரியாவின் சான்சலர் லியோபோல்ட் ஃபிகிலே வரவேற்றார். போருக்குப் பிறகு உலகச் செய்திகளில் வியன்னாவின் பெயர் நல்ல விஷயத்துக்காக அடிபட்டதில் இந்த மெட்டுக்கும் பங்கு உண்டு.

ஆஸ்கர்? ஒளிப்பதிவுக்காக ராபர்ட் கிராஸ்கருக்குக் கிடைத்தது. இசைக்கு அந்தப் படம் பரிந்துரைக்கப்படக்கூட இல்லை.

சொந்தமாக ஒரு கடை

இப்படி ஒரு வெற்றி வந்தால் என்ன செய்வார்கள்? அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று ஓடுவார்கள். கராஸ் அப்படி ஓடவில்லை. சினிமா இசையமைப்பாளராக அவர் தொடரவே இல்லை. மேடை வெளிச்சமும் ஹோட்டல் வாழ்க்கையும் அவருக்குப் பிடிக்கவில்லை. தன்னை ஒரு நட்சத்திரமாக அவர் நினைத்ததும் இல்லை.

சம்பாதித்த பணத்தில் அவர் செய்த காரியம், 1950-களில் வியன்னாவின் சீவரிங் பகுதியில் சொந்தமாக ஒரு ஹாய்ரிகர் தொடங்கியதுதான். வருடக்கணக்கில் மற்றவர் கடையில் வாசித்தவருக்கு இப்போது சொந்தக் கடை. பெயர் ‘ஸும் டிரிட்டன் மன்’. ஜெர்மன் மொழியில் ‘மூன்றாம் மனிதன்’, அதாவது படத்தின் பெயரேதான்.

கடை பிச்சுக்கிட்டுப் போனது. ஆர்சன் வெல்ஸ், ஜீனா லொல்லோபிரிஜிடா என சினிமாப் பிரபலங்கள் வந்தார்கள். அவர்களைப் பார்க்கவும் கராஸைப் பார்க்கவும் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். வந்தவர்கள் கேட்டது அந்த ஒரே மெட்டைத்தான்.

வராதவர்கள் யார் தெரியுமா? வியன்னாக்காரர்கள்.

கராஸ் ஆசைப்பட்டது பழைய ஹாய்ரிகரை. பக்கத்துத் தெருக்காரர் வந்து உட்கார்ந்து, தன் பிரியப்பட்ட பாட்டைக் கேட்டு, கூடச் சேர்ந்து பாடி, வீட்டுக் கவலையைச் சொல்லிவிட்டுப் போகும் இடம். கடையோ சுற்றுலாத் தலமாகிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் பார்வையில் அது வெளியூர் ஆட்கள் போகும் இடம். இருபது வருடம் எந்த ஜனங்கள் முன்னால் வாசித்து வளர்ந்தாரோ, அந்த ஜனங்களே இப்போது அவருடைய மேஜைக்கு வருவதில்லை.

1966-ல் ஓய்வு பெற்றார். தான் ஒன்றும் சுற்றுலா வழிகாட்டி இல்லை, வியன்னா மக்களோடு இருக்கத்தான் ஆசைப்பட்டேன், அது இல்லாமல் இந்தக் கடைக்கு அர்த்தமில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணத்தின் சாரம். கடை நஷ்டத்தில் ஓடியதால் எடுத்த முடிவு இல்லை அது.

அதன் பிறகு பெரிய சத்தமில்லாத வாழ்க்கை. 1985 ஜனவரி 10-ம் தேதி, 78 வயதில் வியன்னாவில் காலமானார். சீவரிங் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஒரு மெட்டு மனிதரா?

இசை உலகில் ஒரே ஒரு ஹிட் கொடுத்தவர்களைக் கொஞ்சம் ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் உண்டு. அதற்குப் பிறகு ஏன் எதுவும் செய்யவில்லை, வாய்ப்பை வீணடித்துவிட்டாரே என்பார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், ஒரு வீடியோ வைரலானவர் அடுத்ததையும் வைரலாக்கியே தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு.

கராஸின் கணக்கில் அது தலைகீழ். அவருக்கு வாத்தியம் ஒரு தொழில். தச்சருக்கு உளி மாதிரி. அந்த வாத்தியத்தை வைத்து, பழகிய மனிதர்கள் நடுவே வாழ்வதுதான் அவர் தேர்ந்தெடுத்த வாழ்க்கை. உலகப் புகழ் நடுவில் வந்தது. அது வறுமையைப் போக்கியது, மரியாதை கொடுத்தது. சொந்தக் கடையும் கொடுத்தது. பழைய கூடத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க அதனால் முடியவில்லை. அவர் பெயர் பெரிதாகப் பெரிதாக, பெயருக்காக வருகிறவர்கள் கூடினார்கள். பாட்டுக்காக வந்தவர்கள் ஒதுங்கினார்கள்.

மெட்டு இப்போது எங்கே?

மெட்டு மட்டும் நிற்கவே இல்லை. 1965-ல் ஹெர்ப் ஆல்பர்ட்டின் குழு டிரம்பெட்டில் வாசித்தது. 1969-ல் பீட்டில்ஸ் தங்கள் ஒத்திகைக்கு நடுவே விளையாட்டாக வாசித்துப் பார்த்தார்கள். 1973-ல் ‘தி பேண்ட்’ ராக் குழு தன் ஆல்பத்தில் சேர்த்தது. ஜப்பானில் எபிசு பீர் விளம்பரத்தில் வந்தது. அந்த பீரின் பெயரால் அமைந்த பகுதியில் உள்ள ரயில் நிலையத்தில் இன்றும் ஒலிக்கிறது. 1999-ல் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் நடத்திய வாக்கெடுப்பில், 20-ம் நூற்றாண்டின் சிறந்த பிரிட்டிஷ் படமாக ‘தி தேர்ட் மேன்’ தேர்வானது. வியன்னாவில் அந்தப் படத்துக்கென்றே ஒரு தனி அருங்காட்சியகம் இருக்கிறது. கராஸின் ஸிதர் அங்கே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

படத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லி முடிக்கலாம். கல்லறைத் தோட்டத்துச் சாலை. இரண்டு பக்கமும் மரங்கள், இலைகள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. கதாநாயகன் ஓரமாகக் காத்து நிற்கிறான். தூரத்திலிருந்து கதாநாயகி நடந்து வருகிறாள். நெருங்குகிறாள், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போகிறாள். இருவரும் சேர்வதுபோல முடிக்கலாம் என்று கிரீன் நினைத்திருந்தார். ரீட் ஒப்புக்கொள்ளவில்லை. ரீட் செய்ததே சரி என்று கிரீன் பிற்பாடு எழுதினார்.

ஒரு நிமிடத்துக்கும் மேல் நீளும் அந்தக் காட்சியில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த மௌனத்தை நிரப்புவது ஸிதர் மட்டும்தான். அடுத்த முறை படத்தைப் பார்க்க நேர்ந்தால், அந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். ஊருக்குப் போக வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர், லண்டனில் உட்கார்ந்து வாசித்தது அது.